துடைப்ப வண்டிக்கு முன்னால்

டைம்கீப்பரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள். நேரத்துக்கு வருகிறவர்கள், காரணம் சொல்கிறவர்கள். பஸ் டிப்போ வாசலில் ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் வெளியேதான் நிற்க வேண்டும் என்கிற அளவில் ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு சிவப்புப் பேனா, ஒரு நாற்காலி, நாற்காலியில் இருபத்தேழு வருஷமாக அவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று ஒவ்வொரு டிரைவரின் டிரிப் ஷீட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. இரண்டு நிமிஷம் பிந்தினால் 'தாமதத்துக்குக் காரணம்' என்ற கட்டத்தை டிரைவர் நிரப்ப வேண்டும். நிரப்பியதை இவர் சிவப்பு மையால் அடிப்பார். அடிக்க வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. அது அவராக ஏற்படுத்திக்கொண்டது. காரணம் அடிபட்டு, தாமதமும் மூன்று நிமிஷத்தைத் தொட்டால் மெமோ வரும்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்குப் போன வருஷம் ஐம்பத்து மூன்றாவது வயதில் ஓடும் ஆசை வந்தது. ஊரில் வருஷா வருஷம் இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் ஒன்று நடக்கும். டிப்போவில் நாலைந்து பேர் பேர் கொடுத்தார்கள். நேரம் சம்பந்தப்பட்ட ஒரு காரியத்தில் தான் இல்லாமல் இருப்பதா என்று இவரும் கொடுத்துவிட்டார். பயிற்சியா? அதெல்லாம் தேவைப்படும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. நேரத்தைப் பற்றி அவருக்குத் தெரியாததா!

அந்தப் பந்தயத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. எல்லாருக்கும் மூன்று மணி நேரம் கெடு. காலை ஆறு மணிக்குக் கடைசி ஆளின் முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ் கிளம்பும். சரியாக ஒன்பது மணிக்கு முடிவுக் கோட்டைத் தொடுகிற மாதிரி ஆமை வேகத்தில் ஊர்ந்து வரும். வழியில் அது யாரைத் தாண்டுகிறதோ அவர் ஓடியது போதும் என்று அர்த்தம். மூச்சுக் காட்டாமல் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். ஓடுகிறவர்கள் அதற்குத் துடைப்ப வண்டி என்று பேர் வைத்திருந்தார்கள். வண்டியைக் கொடுப்பது நம் டிப்போ. ஓட்டுவது, தலைவிதி என்றுதான் சொல்ல வேண்டும், அரைநிமிஷம்.

அரைநிமிஷம் என்பது டிரைவரின் பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் "அரை நிமிஷம் சார்" என்று ஆரம்பிப்பான். முப்பது வயது இருக்கும். கெட்டிக்கார டிரைவர், ஆனால் நேரத்துக்கும் அவனுக்கும் ஏதோ பழைய பகை. டைம்கீப்பரின் சிவப்பு மையில் பாதி இவன் ஒருவனுக்கே செலவாகிக்கொண்டிருந்தது.

போன வருஷம் டைம்கீப்பர் முதல் நாலு கிலோமீட்டரைப் பையன்களோடு போட்டி போட்டு ஓடினார். அடுத்த நாலை நடந்தார். அதற்கப்புறம் நடந்ததை நடை என்று சொல்வதற்கில்லை. பன்னிரண்டாவது கிலோமீட்டரில் பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. பக்கத்தில் வந்து நின்றது. கதவு திறந்தது.

"ஏறுங்க சார். எப்பவும் நீங்கதான் என்னை நிறுத்துவீங்க. இன்னிக்கு உங்களுக்காக நான் நிறுத்தியிருக்கேன்" என்றான் அரைநிமிஷம்.

அன்றைக்கு அந்த வண்டி டிப்போவுக்குள் நுழைந்தபோது முன்சீட்டில் டைம்கீப்பர் உட்கார்ந்திருந்ததை மெக்கானிக் முதல் மேனேஜர் வரை பார்த்தார்கள். அவருக்குப் பதிலாகக் கூண்டில் இருந்த குமாஸ்தா டிரிப் ஷீட்டில் அழகான கையெழுத்தில், 'பயணிகள் பதினொன்று, டைம்கீப்பர் ஒன்று' என்று எழுதி வைத்தான். மானம் கப்பலேறிவிட்டது. அதற்கப்புறம் ஒரு வருஷம், மெமோ வாங்குகிற ஒவ்வொரு டிரைவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு, "கால் வலி எப்படி சார் இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

இன்னொரு தரம் அந்த வண்டியில் ஏறுவதில்லை. முடிவுக் கோட்டைத் தன் சொந்தக் காலால், வண்டிக்கு முன்னால் தொட வேண்டும். இந்த வருஷம் அவருக்கு வேறு எந்த வேண்டுதலும் இல்லை.

தோற்றவர்களைத் தேடிப் பிடிக்க ஊரில் எப்போதும் ஒருவர் இருப்பார். இவரைப் பிடித்தவர் ஒரு பல் டாக்டர். பல் பிடுங்கிய நேரம் போக மிச்ச நேரத்தில் ஓட்டப் பயிற்சிக் குழு ஒன்று நடத்தினார். கோச் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். ஆள் ஓடி யாரும் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் ஓட்டத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால், வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற நோயாளி மாதிரி மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"நீங்க போன வருஷம் காலால ஓடினீங்க. அதான் தப்பு. இதயத்தால ஓடணும்" என்றார் கோச்.

இதயத்தால் ஓடுவது என்றால் இதுதான். கையில் ஒரு வாட்ச் கட்டிக்கொள்ள வேண்டும். அதன் முதுகில் பச்சை வெளிச்சம் ஒன்று மினுக்கிக்கொண்டே இருக்கும். நிமிஷத்துக்கு இதயம் எத்தனை தரம் அடிக்கிறது என்று அது எண்ணிச் சொல்லும். டைம்கீப்பரின் வயதுக்கு நூற்று முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வாட்ச் கூவும். கூவினால் நடக்க வேண்டும். எண் இறங்கியதும் மறுபடி ஓடலாம். இப்படியே மூன்று மாதம் ஓடினால் இதயம் பழகி, அதே துடிப்பில் வேகம் தானாகக் கூடிவிடும்.

அந்த முறையில் ஒரு தப்பும் கிடையாது, அதைச் சொல்லிவிட வேண்டும். உலகத்தில் எத்தனையோ பேர் அப்படிப் பழகி நன்றாக ஓடுகிறார்கள். ஆனால் நம் டைம்கீப்பருக்கு அது முறையாகப் படவில்லை. அவருக்கு அது கால அட்டவணையாகத் தெரிந்தது. போதாதா!

மறுநாளிலிருந்து வீட்டில் நூற்று முப்பத்தைந்து ஆட்சி நடந்தது. மச்சானிடமிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டார், துடிப்பு ஏறும். டிவியில் விளையாட்டுப் போட்டியின் கடைசிப் பத்து நிமிஷத்தில் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவார். மகள் வெளியூரிலிருந்து கூப்பிட்டு, புது வேலை கிடைத்துவிட்டது என்று கத்தினாள். இவர் வாட்சைப் பார்த்துக்கொண்டே, "சரிம்மா, மெதுவா சொல்லு" என்றார். அவள் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாள். ராத்திரி வாட்ச் வரைந்த அந்த நாளின் துடிப்புக் கோட்டுப்படத்தைக் கோச்சின் குழுவுக்கு அனுப்புவார். அதில் ஒரு விஷயம் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. நாள் முழுக்க அவருடைய இதயம் மிக அமைதியாக, ஐம்பத்தெட்டில் இருந்தது மெமோ எழுதுகிற நேரத்தில்தான்.

ஓட்டத்தில் மட்டும் பிடிபடாத சங்கதி ஒன்று இருந்தது. ஓட ஆரம்பித்ததும் வாட்ச் நூற்று அறுபத்துநாலு என்று கூவும். நடப்பார். நூற்றுப் பன்னிரண்டுக்கு இறங்கும். ஓடுவார். நூற்று அறுபத்துநாலு. முதல் வாரமும் அப்படித்தான், பத்தாவது வாரமும் அப்படித்தான். காலையில் பூங்காவைச் சுற்றி இவர் ஓடும்போது, கைத்தடி ஊன்றி நடக்கிற ஒரு பெரியவர் தினமும் இவரைத் தாண்டிப் போவார். தாண்டும்போது தொப்பியைத் தூக்கி வணக்கம் வேறு சொல்வார்.

"பொறுமை. இதயம் இன்னும் பழகல" என்று எழுதினார் கோச்.

டைம்கீப்பரின் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருபத்திரண்டு வருஷமாக மனிதர்களின் மணிக்கட்டைப் பிடித்து எண்ணிக்கொண்டிருக்கிறவள். வீட்டு வாசலில் ஒரு நாள் இவர் வியர்த்து விறுவிறுத்து ஓடி வந்து நின்ற கையோடு, கேட்காமலேயே இவர் கழுத்தில் இரண்டு விரலை வைத்து கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நூத்தி இருபத்திரெண்டு" என்றாள்.

"வாட்ச் நூத்தி அறுபத்திநாலுன்னு காட்டிச்சு."

"வாட்சுக்குப் பித்தம். என்னங்க, நானும் ரெண்டு மாசமா பார்க்கறேன். ஓடினா நூத்தி அறுபத்திநாலு, நடந்தா நூத்திப் பன்னெண்டு. ஸ்விட்ச் போட்டு அணைச்ச மாதிரி. மனுஷ நாடி அப்படி இருக்காது, கொஞ்சம் கொஞ்சமா ஏறும், கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். அந்த வாட்ச் லொடலொடன்னு கையில ஆடிட்டிருக்கு. அது உங்க நாடிய எண்ணல. உங்க காலடிய எண்ணிட்டிருக்கு."

டைம்கீப்பர் சிரித்தார். "உன் விரலுக்கு என்ன சர்டிபிகேட் இருக்கு? அதுல பேட்டரி இருக்கா?"

"இந்த விரல நம்பி டாக்டருங்க ஊசி போடறாங்க."

"டாக்டருங்க போடட்டும். நான் போட மாட்டேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டாள். வாட்ச் பட்டையை ஒரு துளை இறுக்கியிருந்தால்கூட விஷயம் தெரிந்திருக்கும். ஆனால் இறுக்கினால் கையில் தடம் விழுகிறது என்று அவர் தளர்வாகத்தான் கட்டுவார்.

பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது டிப்போவில் ஒரு சம்பவம். ஏழாம் நம்பர் வண்டி மூன்று நிமிஷம் தாமதமாக வந்தது. அரைநிமிஷம் தலையைச் சொறிந்துகொண்டே ஷீட்டை நீட்டினான். காரணம் என்ற கட்டத்தில் இப்படி எழுதியிருந்தான்: 'ஒருத்தர் ஓடி வந்தார். விட்டுவிட்டு வர மனசு வரவில்லை.'

"என்னய்யா இது?"

"வயசானவரு சார். கைய வேற காட்டிக்கிட்டே ஓடி வந்தாரு. பாவமா இருந்துச்சு."

"உன் வண்டியில நாப்பது பேரு உக்காந்திருந்தாங்க. அவங்க பாவம் இல்லையா?"

"அவங்கதான் சார் நிறுத்தச் சொன்னாங்க."

டைம்கீப்பர் அந்த வரியைச் சிவப்பால் அடித்தார். பக்கத்தில், 'மனசு கால அட்டவணையில் இல்லை' என்று எழுதினார். எழுதி முடித்ததும் வாட்சைப் பார்த்தார். ஐம்பத்தெட்டு.

"இது ரெண்டாவது மெமோ. இந்த வருஷம் இன்னும் ஒண்ணு வந்தா ஸ்பேர் லிஸ்ட்தான், தெரியுமில்ல?"

ஸ்பேர் லிஸ்ட் என்றால் சொந்த ரூட் கிடையாது. எந்த நாள், எந்த ஷிப்ட் என்று கூப்பிடுகிறபோது வர வேண்டும். அரைநிமிஷத்துக்கு வீட்டில் கைக்குழந்தை. மனைவிக்கு மாலை வேலை. மூன்று மணிக்கு இவன் வீட்டில் இருந்தால்தான் அவள் கிளம்ப முடியும். அந்த ஏழாம் நம்பர் காலை ஷிப்டில்தான் அந்தக் குடும்பமே ஓடிக்கொண்டிருந்தது. அவன் முகம் சுண்டிப்போயிற்று. அன்றைக்குக் கால் வலியை விசாரிக்காமலே போய்விட்டான்.

அதே வாரம் மேனேஜர் டைம்கீப்பரைக் கூப்பிட்டார். துடைப்ப வண்டிக்கு இந்த வருஷம் ஒழுங்கான ஒரு சார்ட் வேண்டுமாம். போன வருஷம் முன்னே பின்னே வந்ததாகப் புகார். டைம்கீப்பர் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். ஐந்தாவது கிலோமீட்டர் ஆறு நாற்பத்து மூன்று. பத்து, ஏழு இருபத்தைந்து. பதினேழு, எட்டு இருபத்தைந்து. கோடு, ஒன்பது மணி. கீழே சிவப்பில் ஒரு குறிப்பு: ஒரு நிமிஷம் முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. தன்னை வாரிக்கொண்டு போகிற வண்டிக்குத் தானே அட்டவணை போட்டுக் கொடுத்த மனிதர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

சார்ட்டைக் கையில் வாங்கிய அரைநிமிஷம் மேலும் கீழும் பார்த்தான். "இது லேட்டானாலும் மெமோ உண்டா சார்?"

"டிரிப் ஷீட் இருந்தா மெமோ உண்டு."

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. மனைவி கோட்டுக்குப் பக்கத்தில் முதலுதவிக் கூடாரத்தில் வேலைக்கு வந்திருந்தாள். டைம்கீப்பர் வாசனை சோப்புப் போட்டுக் குளித்து, சட்டையில் நம்பர் குத்தி, வாட்சைத் தளர்வாகக் கட்டிக்கொண்டு ஆறு மணிக்குக் கடைசி வரிசையில் நின்றார். ஓடினார். கூவியது. நடந்தார். ஓடினார். கூவியது. ஓரத்தில் நின்று கை தட்டியவர்கள், இவர் நடக்கத் தொடங்கியதும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

கணக்குப்படி அவர் வண்டிக்குப் பத்து நிமிஷம் முன்னால் இருக்க வேண்டும். பத்தாவது கிலோமீட்டரில் ஐந்து நிமிஷம் இருந்தது. பதினான்கில் இரண்டு. பதினேழாவது கிலோமீட்டர் பலகை கண்ணில் பட்டபோது பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. இருபத்தேழு வருஷமாகக் கேட்கிற சத்தம்; எந்த வண்டி, எந்த கியர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். மணி எட்டு இருபத்தைந்து. சார்ட்டில் போட்ட மாதிரியே, அப்பழுக்கில்லாமல், அரைநிமிஷம் நேரத்துக்கு வந்திருந்தான். அவன் வாழ்நாளில் ஒரே ஒரு நாள் நேரத்துக்கு வர வேண்டியிருந்தது, அது இந்த நாளாகவா இருக்க வேண்டும்?

ஜன்னலிலிருந்து ஒரு தலை நீண்டது. கோச். கையில் பாதி வாழைப்பழம்.

"நீங்க எங்க சார் உள்ள?" என்றார் டைம்கீப்பர் மூச்சு வாங்க.

"எனக்கு இன்னிக்கு ஓய்வு நாள். ஒன்பதாவது கிலோமீட்டர்லதான் ஞாபகம் வந்துச்சு" என்றார் கோச். "என்ன காட்டுது?"

"நூத்தி அறுபத்திநாலு."

"நடங்க! உடனே நடங்க! நூத்தி முப்பத்தஞ்சத் தாண்டாதீங்க!"

நடந்தால் வண்டி தாண்டிவிடும். ஓடினால் இதயம் வெடித்துவிடும் என்கிறது வாட்ச். அரைநிமிஷம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே ஊர்ந்தான். போன வருஷத்துக் கிண்டல் அவன் முகத்தில் இல்லை. "சார், நான் வேணா கொஞ்சம் மெதுவா வரட்டா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

"சார்ட்டுல என்ன இருக்கோ அப்படியே வா" என்றார் டைம்கீப்பர். பயமாகத்தான் இருந்தது. அழுகைகூட வந்தது. ஆனாலும் அப்படித்தான் சொன்னார்.

அப்போதுதான், ஓடிக்கொண்டே, கழுத்தில் இரண்டு விரலை வைத்தார். மனைவி வைக்கிற இடத்தில். ஏன் வைத்தார் என்று அவருக்கே தெரியாது. பயந்த மனிதன் வீட்டு ஞாபகத்தில் செய்கிற காரியம் அது. பதினைந்து விநாடி எண்ணினார். முப்பத்தொன்று. நான்கால் பெருக்கினார். நூற்று இருபத்துநாலு.

சரி, தப்பாக எண்ணியிருப்போம். மறுபடி எண்ணினார். முப்பத்தொன்று. பிறகு தரையில் விழுகிற பாதத்தை எண்ணினார், வலது இடது இரண்டையும். பதினைந்து விநாடிக்கு நாற்பத்தொன்று. நான்கால் பெருக்கினால் நூற்று அறுபத்துநாலு. வாட்சைப் பார்த்தார். அதுவும் அதையேதான் சொன்னது.

மனைவி சொன்னால் நம்பாதவர், பெருக்கல் சொன்னால் நம்பித்தானே ஆக வேண்டும். மூன்று மாதமாக அவர் தன் காலடிச் சத்தத்துக்குப் பயந்து நின்றுகொண்டிருந்திருக்கிறார். உள்ளே இதயம் என்னவோ, சீட்டில் சாய்ந்து பேப்பர் படிக்கிற பயணி மாதிரி நிம்மதியாக உட்கார்ந்திருந்திருக்கிறது.

டைம்கீப்பர் வாட்சைக் கழற்றினார். திறந்த கதவு வழியாக உள்ளே எறிந்தார். "இத வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

எப்படி ஓடினார் என்று கேட்டால், கோச் பாஷையில் மகா மட்டமாக ஓடினார். அளவு கிடையாது, நூற்று முப்பத்தைந்து கிடையாது, மூச்சுக் கணக்கு கிடையாது. முன்னால் நடந்துகொண்டிருந்த மூன்று பேரைத் தாண்டினார். வாய் தானாகச் சிரித்தது. பதினெட்டு போயிற்று. பத்தொன்பது போயிற்று. வண்டிச் சத்தம் தேய்ந்து காணாமலே போயிற்று. மகளின் ஞாபகம் வந்தது. அவள் அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாகக் கத்தியபோது தானும் கூடச் சேர்ந்து கத்தியிருக்கலாமே என்று நினைத்தார். தெருவில் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து ஒரு தரம் கத்தியும் பார்த்தார்.

இருபதாவது கிலோமீட்டர் பலகையைத் தொட்டதும் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அளவில்லாமல் ஓடினால் பிடிக்கத்தானே செய்யும். நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு நீவினார். நிமிஷங்கள் போயின. எத்தனை என்று பார்க்கக் கையில் எதுவும் இல்லை. இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக மணி என்ன என்று தெரியாத ஒரு இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார்.

வண்டிச் சத்தம் மறுபடி கேட்டது. எழுந்தார். நொண்டினார். வண்டி பின்னாலேயே வந்தது. இருபது அடி இருக்கும். இதோ தாண்டிவிடும், இதோ கதவு திறக்கும் என்று ஒவ்வொரு எட்டிலும் எதிர்பார்த்தார். தாண்டவில்லை. டைம்கீப்பர் மனதுக்குள் கணக்குப் போட்டார். வண்டி சார்ட்டின்படி வருகிறது. நான் வண்டிக்கு முன்னால் இருக்கிறேன். அப்படியென்றால் நான் நேரத்துக்குள்தான் இருக்கிறேன். கணக்கில் ஓட்டை இல்லை. தெம்பு வந்தது.

பின்னால் வண்டிக்குள் ஏதோ சலசலப்பு. கோச்சின் குரல் என்னவோ கேட்டது. "அரை நிமிஷம் சார், அரை நிமிஷம்" என்று டிரைவர் பதில் சொல்வது மட்டும் காதில் விழுந்தது.

கோட்டைத் தொட்டார். யாரோ ஒரு பெண் கழுத்தில் மெடலை மாட்டினாள். மனைவி கூடாரத்திலிருந்து ஓடி வந்து முதல் வேலையாக மணிக்கட்டைப் பிடித்தாள். "நூத்தி அறுபத்தெட்டு. இதுதாங்க ஓடினவன் நாடி. உக்காருங்க" என்றாள். அவர் உட்காரவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி மெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வண்டிக்கு முன்னால வந்துட்டேன். பார்த்தியா? வண்டிக்கு முன்னால!"

அப்போது வண்டி கோட்டைத் தாண்டி உள்ளே வந்தது. வண்டி உள்ளே வந்தால் கண் கடிகாரத்துக்குப் போகும். அது அவர் கண்ணுக்குத் தானாக நடக்கிற காரியம். மேலே பெரிய கடிகாரம் தொங்கியது.

ஒன்பது மூன்று.

சிரிப்பு அப்படியே நின்றது. வண்டி ஒன்பது மூன்றுக்கு வந்தால் இவர் வந்தது ஒன்பது இரண்டு. கணக்கில் ஓட்டை இல்லை என்று நினைத்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம்!

அரைநிமிஷம் இறங்கி வந்து டிரிப் ஷீட்டையும் வாட்சையும் நீட்டினான். காரணக் கட்டம் காலியாக இருந்தது.

"என்ன சார் எழுதட்டும்? டிராபிக்?"

"ரோட்டையே அடைச்சு வெச்சிருக்காங்க. என்ன டிராபிக்?"

அவன் அக்கம் பக்கம் பார்த்தான். "அப்போ ஒன்பதுன்னே போட்டுடுங்க சார். யாரு கேக்கப் போறாங்க? உங்களுக்கு மெடல். எனக்கு மெமோ இல்ல."

"தெரிஞ்சுதான் மெதுவா வந்தியா? மூணாவது மெமோன்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"அப்புறம் ஏன்யா?"

அரைநிமிஷம் தலையைச் சொறிந்தான். "நொண்டிக்கிட்டே ஓடினீங்க சார்" என்றான்.

டைம்கீப்பர் மனைவியிடம் பேனா வாங்கினார். ஊதா மை. ஷீட்டைத் தொடையில் வைத்து, வந்த நேரம் 9.03 என்று எழுதினார். டிரைவரின் முகம் தொங்கிப்போயிற்று. ஏழாம் நம்பர், கைக்குழந்தை, மூன்று மணி எல்லாம் அவன் முகத்தில் வரிசையாகத் தெரிந்தன. டைம்கீப்பர் அடுத்த கட்டத்துக்குப் போனார். நிதானமாக எழுதினார்: 'ஒருவர் ஓடி வந்தார். விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.' அதற்குக் கீழே, இருபத்தேழு வருஷத்தில் ஒரு தரம்கூட எழுதாத இரண்டு வார்த்தை: 'காரணம் ஏற்கப்பட்டது.' கையெழுத்துப் போட்டார்.

அரைநிமிஷம் அதை இரண்டு தடவை படித்தான். ஷீட்டைப் பத்திரமாகச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அவனுக்கு அது புதுசு.

டைம்கீப்பர் நொண்டிக்கொண்டே மெடல் மேஜைக்குப் போய்க் கழுத்திலிருந்ததைக் கழற்றி வைத்தார்.

"எதுக்கு சார் திருப்பித் தர்றீங்க? பஸ்ஸுக்கு முன்னாலதானே வந்தீங்க?" என்றாள் அந்தப் பெண்.

"பஸ் லேட்டும்மா" என்றார்.

திரும்பி வந்து துடைப்ப வண்டியில் ஏறினார். யாரும் ஏறச் சொல்லவில்லை. டிப்போ வாசலில் எல்லாரும் நிற்பார்கள், குமாஸ்தா அழகான கையெழுத்தில் ஏதாவது எழுதுவான், இன்னும் ஒரு வருஷத்துக்குக் கால் வலியை விசாரிப்பார்கள். எல்லாம் தெரிந்துதான் முன்சீட்டில் உட்கார்ந்தார். பின்சீட்டிலிருந்து கோச், "சராசரி எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்டார்.

திரும்பிப் போக ஒன்பது நாற்பதுக்குக் கிளம்ப வேண்டும் என்று சார்ட்டில் போட்டிருந்தது. ஒன்பது நாற்பது ஆயிற்று. கண்ணாடியில் பார்த்த அரைநிமிஷம், "சார், உங்க வீட்டம்மா" என்றான். தூரத்தில் அவள் மருந்துப் பெட்டியை ஒரு கையிலும் செருப்பை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தாள். செருப்பு இருந்த கையை வேறு ஆட்டினாள். டிரைவர் இவரைப் பார்த்தான்.

"நில்லு" என்றார் டைம்கீப்பர்.

அவள் ஏறி, பக்கத்தில் விழுந்த மாதிரி உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இவர் மணிக்கட்டைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் பிடித்த பிடி விடவில்லை.

"எவ்வளவு?" என்று கேட்டார்.

"எண்ணலைங்க. சும்மாதான் பிடிச்சிருக்கேன்."

வண்டி இரண்டு நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது.